துடுப்பைப் பார்க்கப் போகிறோம்

வெனிஸ் போகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கோண்டோலாவில் பாட்டுப் பாடுவார்களாமே, அதற்குத் தனிக் காசா?" என்பதுதான். ஆமாம், தனிக் காசுதான். எங்களுக்குப் பாட்டு வேண்டாம். சூரியன் சாயும் நேரமும் வேண்டாம். பெரிய கால்வாயில் மாளிகைகளை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையும் இல்லை. கிடைக்கப்போவது அரை மணி நேரம். அந்த நேரத்தில், ஒரே ஆள் ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு பதினோரு மீட்டர் கோண்டோலா படகை எப்படி நேராகக் கொண்டுபோகிறார் என்பதை என் அப்பா கண்குளிரப் பார்க்க வேண்டும். எந்த மாதம், எந்த நேரம், எந்தக் கால்வாய், யார் எங்கே உட்காருவது என்று நாங்கள் போட்டிருக்கும் கணக்கெல்லாம் இதை ஒட்டித்தான்.

அப்பா கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர் என்றாலே கரும்புத் தோட்டம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்றது என்று தொடங்கி, அந்தக் கதையைத்தான் பள்ளியிலும் கோயில் மேடையிலும் சொல்கிறோம். தோட்ட வேலை ஒப்பந்தம் முடிந்த கையோடு கடலுக்குப் போனவர்களும் இருந்தார்கள். டர்பன் விரிகுடாவுக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, மீன் பிடித்து, உப்புக்கண்டம் போட்டுப் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் தீவு கடற்படைக்குப் போனது. மீனவர்கள் பிளஃப் பக்கம் ஃபின்லண்ட்ஸுக்கு மாறினார்கள். அங்கேயும் நிலைக்க விடவில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டம் அவர்களைக் கடலை விட்டு உள்ளே தள்ளி, சாட்ஸ்வர்த் மேட்டுக்கு அனுப்பியது. 1961இல் அதே சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றைத் திறந்தார்கள். அத்தை அங்கேதான் படித்தார். தன் பாட்டனார் வலை காயவைத்த மண்ணுக்குத் தினமும் படகேறிப் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வந்தார். இதை அவர் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும், நியாயமான கோபம்தான்.

கரைவலையில் படகின் வேலை சிறியது, ஆனால் உயிரானது. வலையின் ஒரு கயிறு கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். படகு அலையைப் பிளந்துகொண்டு போய், வலையை அரைவட்டமாக இறக்கிவிட்டு, மறு கயிற்றோடு கரைக்குத் திரும்ப வேண்டும். தண்டு வலிப்பவர்கள் ஒரே மூச்சாக வலித்தால்தான் படகு அலையில் குறுக்கே விழாது. தாத்தா அப்படி வலித்தவர். சிறுவயதில் அப்பாவும் கூடப் போயிருக்கிறார்.

எங்கள் வீட்டில் படகு என்றால் இன்னொரு கதையும் வந்துவிடும். 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருக்கெடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் தகரக் கொட்டகைகளில் குடியிருந்த இந்தியக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. மாரிமுத்து படவேட்டானும் அவரோடு ஐந்து மீனவர்களும் கரைவலைப் படகை அந்த வெள்ளத்துக்குள் தள்ளி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். இந்த ஊரில் நமக்கிருக்கும் வீரக்கதைகளில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன். துடுப்பைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத கதை.

இப்படிப்பட்டவருக்கு வெனிஸில் என்ன காட்டுவது? துடுப்பைத்தான்.

கோண்டோலாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் அப்பாவை முதலில் பிடித்து நிறுத்தியது அதன் கோணல். அந்தப் படகு வேண்டுமென்றே கோணலாகச் செய்யப்படுகிறது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஆளில்லாமல் தண்ணீரில் நிற்கும்போது வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். காரணம் இருக்கிறது. ஓட்டுபவர் படகின் பின்முனையான அமரத்தில் இடப்பக்கமாக நின்று, ஒரே துடுப்பை வலப்பக்கம் மட்டும் போடுகிறார். நேரான படகாக இருந்தால் ஒவ்வொரு வலிப்புக்கும் முன்முனையான அணியம் இடப்பக்கம் திரும்பி, படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும். உடலின் வளைவு அதை வலப்பக்கம் இழுத்து ஈடுகட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொமேனிகோ த்ரமொந்தின் போன்ற தச்சர்கள் இந்தக் கோணலைச் செம்மைப்படுத்தினார்கள். மாளிகை வீட்டுக்காரர்கள் ஆள் வைத்து ஓட்டிய காலம் போய், ஒற்றை ஆளே ஓட்டிப் பிழைக்க வேண்டிய காலம் வந்தபோது படகும் அதற்கேற்ப மாறியது.

எட்டு வகை மரம்: ஓக், வால்நட், செர்ரி, மஹோகனி, ஃபிர், லார்ச், எல்ம், லிண்டன். மொத்தம் 280 துண்டுகள். அடிப்பாகம் தட்டையானது, ஆழமில்லாத காயலுக்கு அதுதான் சரி. கறுப்பு நிறம் ஆடம்பரத்தை அடக்க 16ஆம் நூற்றாண்டில் அரசு போட்ட கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. பணக்கார வீடுகள் பட்டும் பொன்னுமாகப் படகுகளை அலங்கரித்துப் போட்டி போட்ட காலம் அது. அணியத்தில் நிற்கும் இரும்புச் சீப்பின் ஆறு பற்கள் நகரத்தின் ஆறு பேட்டைகளைக் குறிக்கின்றன என்று அங்கே சொல்வது வழக்கம். இதையெல்லாம் அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். 'ஃபோர்கோலா'வின் படத்தைக் காட்டியபோதுதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஃபோர்கோலா என்பது துடுப்பைத் தாங்கும் கவை. பெரும்பாலும் வால்நட் மரத்தில் கடைந்தெடுப்பார்கள். எங்கள் படகுகளில் துடுப்பு ஒரு முளையோடு கட்டுப்பட்டிருக்கும். இங்கே கட்டே கிடையாது. வளைந்து நெளிந்த அந்த மரத்தில் துடுப்பை எந்த இடத்தில் சாய்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து, மெல்லப் போகலாம், வேகமெடுக்கலாம், நின்ற இடத்தில் திரும்பலாம், பின்னால் வரலாம். ஓட்டுபவர் போகும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு துடுப்பைத் தள்ளுகிறார். நம்மவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இழுப்பவர்கள். தள்ளிய துடுப்பைத் திருப்பிக் கொண்டுவரும்போதும் அவர் அதைத் தண்ணீரை விட்டு எடுப்பதில்லை. நீருக்குள்ளேயே அலகைச் சாய்த்துக் கொண்டுவந்து, அந்தச் சாய்விலேயே படகை நேராக்கிவிடுகிறார். அப்பா இந்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். "கையைப் பார்த்தால்தான் புரியும், பாப்பா. எழுத்தில் வராது" என்றார்.

கை தெரிய வேண்டும் என்றதும் திட்டம் தானாக உருவானது.

முதலில் காலம். பள்ளி விடுமுறையில்தான் மகள் வரமுடியும். எங்கள் குளிர்கால விடுமுறை ஜூன் கடைசி, ஜூலை. அப்போது வெனிஸில் கடும் வெயிலும் கூட்டமும். அதைவிட முக்கியம், சார்டின் மீன் கூட்டம் எங்கள் தெற்குக் கரையோரம் வரும் பருவமும் அதுவே. அந்த வாரங்களில் அப்பாவைக் கடற்கரையிலிருந்து கிளப்ப யாராலும் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் நீண்ட விடுமுறை உண்டு. ஆனால் அது வெனிஸ் தண்ணீரின் பொல்லாத காலம். அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல் ஏறி ஊருக்குள் வரும். 1966 நவம்பரில் 194 சென்டிமீட்டர், 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் என்று ஏறியிருக்கிறது. காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளைக் கடலடியில் படுக்கவைத்து, ஏற்றம் வரும்போது எழுப்பும் 'மோசே' தடுப்பு 2020 அக்டோபரில் முதன்முறை வேலை செய்தது. இப்போது பெரிய வெள்ளம் உள்ளே வருவதில்லை. ஆனாலும் தண்ணீர் ஓரளவு ஏறினாலே தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் கோண்டோலா நுழையாது. குளிர்காலக் கடைசியில் நேர்மாறாக வற்றம் வந்து, சின்னக் கால்வாய்களில் சேறு தெரியும். படகு தரைதட்டி நிற்கும். அதனால் செப்டம்பர் கடைசியில் வரும் வசந்த விடுமுறையைப் பிடித்திருக்கிறோம். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் நகராட்சியின் ஓதக் கணிப்பு நாள்தோறும் வெளியாகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட நேரமாகப் பார்த்து ஏற வேண்டும். வற்றத்தில் படித்துறையின் கீழ்ப்படிகள் வெளியே வந்துவிடும். அவற்றில் பாசி வழுக்கும். எண்பதை நெருங்குகிறவரை அதில் இறக்க எனக்கு மனமில்லை. (சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஏறுவதற்குப் பியாத்சாலே ரோமாவில் தனி மேடை இருக்கிறது. வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க மீனும் கறியும் கிடையாது. ரியால்டோ மீன் சந்தையைப் பார்க்கலாம், வாங்க முடியாது. வெங்காயமும் காடியும் உலர்திராட்சையும் போட்டு ஊறவைக்கும் 'சார்தே இன் சாவோர்' என்ற சார்டின் பண்டத்தை, டர்பன்காரராகப் பிறந்தும் அப்பா சாப்பிடாமல்தான் திரும்பப் போகிறார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. அத்தைக்குத்தான் சாப்பாட்டுப் பயம். பயறுக் கஞ்சி போலிருக்கும் 'பாஸ்தா எ ஃபஜோலி', சோளமாவுக் களியான பொலெந்தா, காய்கறி போட்ட ரிசொத்தோ என்று நிறைய இருக்கிறது. கறிச்சாறு விட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'பிகொலி இன் சல்சா' என்று ஒன்று வரும். பார்த்தால் வெறும் வெங்காயம்தான் தெரியும். உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். விரதக்காரர்கள் கவனம். நாங்கள் அடுப்புள்ள வீடாக எடுக்கிறோம். ஊறுகாயும் அவலும் அத்தை பெட்டியில் வரும். பால், இறைச்சி கலந்தவற்றை அங்கே கொண்டுபோக முடியாது.

அடுத்தது காசு. பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. மாலை 7 மணிக்குப் பிறகு 35 நிமிடத்துக்கு 110 யூரோ. 2023 நவம்பரில் உயர்த்திய கட்டணம் இது. ஆளுக்கு அல்ல, படகுக்கு. பகல் கட்டணம் எங்கள் கணக்கில் ஏறக்குறைய 1,800 ரேண்ட். ஐந்து பேருக்குப் பிரித்தால் தாங்கும். ஐந்துக்கு மேல் ஏற்றமாட்டார்கள். 2020க்கு முன் ஆறு பேர் ஏறலாம். படகு தாழ்ந்து போகிறது என்று குறைத்துவிட்டார்கள். அப்பா, அத்தை, நான், கணவர், மகள்: சரியாக ஐந்து. இணையத்தில் முன்பதிவு விற்கும் பலர் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே படகில் உட்கார வைக்கிறார்கள். அது நமக்கு ஒத்துவராது. நேரே படகுத்துறைக்குப் போய், ஏறுவதற்கு முன்பே வழியையும் நேரத்தையும் கட்டணத்தையும் வாய்விட்டுப் பேசி முடிக்க வேண்டும்.

எந்தத் துறை? சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் இருக்கும் துறைதான் எல்லாப் படங்களிலும் வருகிறது. அங்கே ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எதிரே திறந்த நீர்; மோட்டார் படகுகளின் அலை ஓயாமல் அடிக்கும். ஓட்டுபவர் அலையைச் சமாளிப்பதிலேயே இருப்பார். அவருடைய கை தன் இயல்பான ஓட்டத்துக்கு வரவே இடமிருக்காது. அந்த அலை படகுக்கு மட்டும் எதிரியல்ல. கால்வாயோரச் சுவர்களின் கல்லிடுக்குகளை அரித்து அரித்துக் கட்டடங்களையே பலவீனமாக்குகிறது. அதை எதிர்த்துத்தான் வெனிஸ்காரர்கள் 1975இல் 'வோகலொங்கா' என்ற துடுப்புப் படகு ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். முப்பது கிலோமீட்டர், மோட்டார் கிடையாது; இன்றும் நடக்கிறது. இதைப் படித்த பிறகு விமான நிலையத்திலிருந்து வேகப்படகு டாக்சியில் போகும் யோசனையை நாங்களே கைவிட்டோம். பொதுப் படகில், எல்லோரோடும், மெதுவாகப் போவோம்.

நாங்கள் ஏறப்போவது சான் தோமா துறையில். அங்கிருந்து சான் போலோ பேட்டையின் ஒடுக்கமான கால்வாய்களுக்குள் நுழைந்துவிடலாம். இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் பாலம், கீழே அசையாத தண்ணீர். முனை திரும்பும் முன் எதிரே வருபவருக்குக் கேட்க "ஓஏ!" என்று குரல் கொடுப்பார்கள். துடுப்பு மட்டுமல்ல, காலும் வேலை செய்யும். சுவரை ஒரு உதை உதைத்துப் படகைத் திருப்புவார்கள். ஒடுக்கத்தில்தான் தொழில் தெரியும். பெரிய கால்வாயைப் பொதுப் படகில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கரையோர மாளிகைகள் எங்கேயும் ஓடிவிடாது. நேரம், காலை ஒன்பது மணி தாண்டியதும். பகல் கட்டணம் அப்போதுதான் தொடங்குகிறது; ஒரு நாள் சுற்றுலாக்காரர்களின் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது.

கோண்டோலாவுக்கு முந்தின நாள் 'த்ரகெத்தோ' போகிறோம். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் தோணி அது. அணியத்தில் ஒருவர், அமரத்தில் ஒருவர் என்று இருவர் ஓட்டுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. மீன் சந்தையிலிருந்து எதிர்க்கரை சாந்தா சோஃபியாவுக்குச் சில நிமிடம்தான். ஊர்க்காரர்கள் சந்தைப் பையோடு நின்றபடியே போவார்கள். இருவரும் பேச்சில்லாமல் ஒருவர் வலிப்புக்கு மற்றவர் ஈடுகொடுப்பதை அப்பா இங்கே முதலில் பார்க்கட்டும். இது அவருக்குப் பழக்கமான கூட்டு வேலை. மறுநாள் ஒற்றை ஆள் ஓட்டுவதைப் பார்க்கும்போது வித்தியாசம் தானே விளங்கும். கோண்டோலாவுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். அந்த இரண்டு யூரோவில் கிடைப்பதும் உண்மையான துடுப்புதான்.

அன்றே பிற்பகல் சான் த்ரோவாசோ கொட்டகை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து கோண்டோலா கட்டியும் பழுதுபார்த்தும் வரும் இடம். செங்கல் கட்டடங்களுக்கு நடுவே அது மட்டும் மலைநாட்டு மரவீடு மாதிரி நிற்கும். மரமும் தச்சர்களும் கதோரே மலைப்பகுதியிலிருந்து வந்ததன் அடையாளம். எதிர்க்கரை நடைபாதையில் நின்றாலே, கவிழ்த்துப் போட்டிருக்கும் படகுகளின் அடிப்பாகம் தெரியும். அந்தக் கோணலை வெறும் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இனி உட்காரும் இடம். பின்னால் இருக்கும் பட்டு மெத்தை இருக்கை முன்னோக்கியது. பெரியவர்களை அதில்தான் மரியாதையாக உட்கார வைப்பார்கள். அதில் உட்கார்ந்தால் ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால். அரை மணி நேரமும் அவர் கண்ணிலேயே படமாட்டார். அப்பாவுக்குப் பக்கவாட்டுச் சிறு இருக்கைதான் வேண்டும். அங்கிருந்து தலையைத் திருப்பினால் கையும் துடுப்பும் கவையும் தெரியும். மெத்தையில் அத்தையும் என் கணவரும். எடையைப் பார்த்து யார் எங்கே என்று சொல்லும் உரிமை ஓட்டுபவருடையது; அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. அதனால் அப்பாவின் விருப்பத்தை முன்பே சொல்ல மகள் நாலு வாக்கியம் இத்தாலியனில் பாடம் செய்துகொண்டிருக்கிறாள்: "தாத்தா படகுக்காரர். உங்கள் கையைப் பார்க்க விரும்புகிறார். பாட்டு வேண்டாம். மெதுவாகப் போகலாம்."

விசா வேலையில் புதுமை இல்லை. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். 2024இல் தொடங்கிய ஒரு நாள் நுழைவுக் கட்டணம் வசந்தமும் கோடைத் தொடக்கமும் சேர்ந்த குறிப்பிட்ட நாள்களுக்குத்தான். அந்த நாள்களில் போனாலும் வெனிஸிலேயே இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை, விலக்கை மட்டும் பதிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகச் சேர்ந்தது மகளின் ஆசை. உரிமம் பெற்று கோண்டோலா ஓட்டுபவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே இருந்த தொழிலில் 2010இல்தான் ஜோர்ஜா போஸ்கோலோ என்ற பெண் முதன்முதலாக உள்ளே வந்தார். அதைப் படித்ததிலிருந்து மகளுக்குப் பார்ப்பது மட்டும் போதவில்லை, கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். 'ரோ வெனிஸ்' என்ற பெண்கள் அமைப்பு, 'பதெலீனா' என்ற பழைய மரப்படகில் நின்றபடி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம். கோண்டோலா ஏறிய மறுநாளுக்கு இடம் கேட்டிருக்கிறோம். அத்தை கரையில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அப்பா தானும் ஏறுவேன் என்கிறார். அவருடைய வயதையும், சிறுவயதில் கரைவலைப் படகில் போனவர் என்பதையும் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அப்பா தினமும் கேட்கிறார்.